ஈஸ்டரும் பாஸ்காவும்: ஒரு பெயர் கிளப்பிய குழப்பம்

ஈஸ்டர் பண்டிகை உண்மையில் பாபிலோனியரின் இஷ்தார் தேவதைக்கு எடுத்த விழாதானா, முட்டையும் முயலும் அந்தத் தேவதையின் சின்னங்களா, கிறிஸ்துமஸைப் போல ஒரே தேதியில் நிற்காமல் இது மட்டும் ஏன் ஆண்டுதோறும் நகர்கிறது, நம் ஊர்க் கோவில்களில் 'பாஸ்கா' என்கிறார்களே அது இதுவா வேறொன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகள் என்றாலும், கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்வி பாதி கரைந்துவிடும் என்பதால் பின்னாலிருந்தே தொடங்குகிறேன்.

பாஸ்கா என்பது ஈஸ்டரேதான். இன்னும் சரியாகச் சொன்னால், பாஸ்கா என்பதுதான் இந்தப் பண்டிகையின் மூலப் பெயர். ஈஸ்டர் என்பது பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்ட பெயர். எபிரேயத்தில் பெசாக் என்றும், இயேசு பேசிய அரமேயத்தில் பஸ்கா என்றும் வழங்கிய சொல்லைக் கிரேக்கமும் இலத்தீனும் அப்படியே எடுத்துக்கொண்டன. இத்தாலியரும் ஸ்பானியரும் பாஸ்குவா என்கிறார்கள். போர்த்துக்கீசியர் பாஸ்கோவா, ரஷ்யர் பாஸ்ஹா, எத்தியோப்பியர் ஃபாசிகா, சிங்களவர் பாஸ்கு. மேசையும் சாவியும் அலமாரியும் தமிழுக்கு வந்த அதே 16ஆம் நூற்றாண்டில், முத்துக்குளித்துறைக் கடற்கரையில், இலத்தீன் வழிபாட்டோடும் போர்த்துக்கீசியர் பேச்சோடும் இந்தச் சொல்லும் நம்மிடம் வந்து சேர்ந்தது. சீர்திருத்தச் சபையாரின் தமிழ் வேதாகமமும் பஸ்கா என்றே எழுதுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1611இல் வெளியான புகழ்பெற்ற ஆங்கில விவிலியம் மற்ற இடங்களிலெல்லாம் யூதர்களின் பண்டிகைக்கு உரிய சொல்லை இட்டுவிட்டு, அப்போஸ்தலர் நடபடிகளின் 12ஆம் அதிகாரத்தில் மட்டும் அதே கிரேக்கச் சொல்லை ஈஸ்டர் என்று மொழிபெயர்த்துவிட்டது. அதே வசனத்தைத் தமிழில் படிப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது.

பெசாக் என்பது எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேல் மக்கள் விடுதலை பெற்ற இரவை நினைவுகூரும் யூதப் பண்டிகை. அந்த இரவை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் நுணுக்கமாகச் சொல்கிறது: ஒரு வயதுடைய பழுதற்ற ஆட்டுக்குட்டியை முதல் மாதத்தின் 14ஆம் நாள் அந்தி வேளையில் அடித்து, அதன் இரத்தத்தை வீட்டு நிலைக்கால்களில் பூசி, இறைச்சியை நெருப்பில் வாட்டி, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும், இடையில் கச்சையும் காலில் செருப்பும் கையில் கோலுமாக, புறப்படுகிறவர்களின் அவசரத்தோடு உண்ண வேண்டும். இயேசு எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டது இந்தப் பண்டிகையை ஒட்டித்தான் என்பதில் நான்கு நற்செய்தியாளர்களும் ஒத்துப்போகிறார்கள்; நாள் கணக்கில் மட்டும் சற்று வேறுபடுகிறார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இயேசுவின் கடைசி இராவுணவையே பாஸ்கா விருந்தாகக் காட்டுகிறார்கள். யோவானோ, பாஸ்காவுக்கான ஆயத்த நாளில், அதாவது ஆடுகள் கோவிலில் வெட்டப்படும் நாளில், இயேசு கொல்லப்பட்டதாக எழுதுகிறார். இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல என்று முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களே நினைத்தார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 5ஆம் அதிகாரத்தில் பவுல் கிறிஸ்துவையே நம்முடைய பஸ்கா என்று சொல்லி, பழைய புளித்த மாவை நீக்கிப் பண்டிகை கொண்டாடுவோம் என்கிறார். இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த சர்தை நகரின் ஆயர் (பிஷப்) மெலித்தோ, பாஸ்கா இரவில் ஆற்றிய நீண்ட மறையுரை ஒன்று பாப்பிரஸ் சுவடியில் கிடைத்து 1940இல் அச்சேறியது. அது முழுக்க முழுக்க ஆட்டுக்குட்டி, இரத்தம், எகிப்து, விடுதலை என்றே ஓடுகிறது. வசந்தம், வளம், முட்டை என்ற பேச்சே அதில் இல்லை.

இனி ஈஸ்டர் என்ற பெயருக்கு வருவோம். இந்தப் பெயரின் பிறப்பைப் பற்றி நமக்கு இருக்கும் பழைய சான்று ஒன்றே ஒன்றுதான். வடக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி, காலக்கணக்கைப் பற்றி 725இல் இலத்தீனில் எழுதிய நூலின் 15ஆம் அதிகாரத்தில், தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ஈயோஸ்தர் மாதம் என்று அழைத்தார்கள் என்றும், அது ஈயோஸ்த்ரே என்ற தேவதையின் பெயரால் வந்தது என்றும், அந்த மாதத்தில் வரும் பாஸ்காவுக்கு இப்போது மாதப் பெயரையே வழங்குகிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். அவர் சொல்வது அவ்வளவுதான். அந்தத் தேவதையின் உருவம் என்ன, சின்னம் என்ன, கதை என்ன என்று ஒரு சொல்கூட இல்லை. அப்படி ஒரு தேவதையே இருந்ததில்லை, பீட் ஊகித்து எழுதினார் என்று சிலர் வாதிட்டதுண்டு. ஆனால் 1958இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் என்ற இடத்தில், ரோமானியர் காலத்தில் ஆஸ்த்ரியாஹெனே என்ற அன்னைத் தெய்வங்களுக்கு நட்ட 150க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்த பிறகு, பெயரின் வேர் ஒத்துவருவதால் பீட்டை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்ற நிலை உருவானது. நானும் பீட்டை நம்பும் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அவரை முழுக்க நம்பினாலும் நமக்குக் கிடைப்பது ஒரு மாதத்தின் பெயர்தானே தவிர, ஒரு பண்டிகையின் பிறப்பு அல்ல. மெலித்தோ கிரேக்க மொழியில் மறையுரை ஆற்றி ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகுதான், ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில் இருந்த மக்கள் தங்கள் மாதப் பெயரை அந்தப் பண்டிகைக்குச் சூட்டினார்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழரான நமக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இயேசு இறந்த நாளைப் பெரிய வெள்ளி என்கிறோம். வெள்ளி என்பது சுக்கிரன். அதற்கு அடுத்த நாள் இரவில் பாஸ்கா திருவிழிப்பு, அது சனிக்கிழமை. இதை வைத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சுக்கிரனுக்கு நோன்பிருந்து சனீஸ்வரனுக்கு விழிப்பிருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினால் நாம் சிரிப்போம். ஈயோஸ்தர் மாதத்துக் கதையும் கிட்டத்தட்ட இதே வகைதான்.

இஷ்தார் கதை அதைவிட மெலிந்தது. ஈஸ்டர் என்ற சொல் விடியல், கிழக்கு என்ற பொருள் தரும் ஜெர்மானிய வேரிலிருந்து வருவது. சமஸ்கிருதத்தின் உஷஸ், இலத்தீனின் அவுரோரா, கிரேக்கத்தின் ஈயோஸ் எல்லாம் அதற்கு ஒன்றுவிட்ட உறவுகள். இஷ்தார் என்பதோ அக்காடிய மொழிப் பெயர். அது வேறு குடும்பம். இரண்டும் ஒலியில் சற்று நெருங்கியிருப்பது தவிர வேறு தொடர்பில்லை. இஷ்தாருக்கு மெசபொத்தேமியச் சிற்பங்களில் உரிய சின்னங்கள் சிங்கமும் எட்டுக் கதிர் விண்மீனும். முட்டையோ முயலோ அல்ல. இந்த இணைப்பைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர். கத்தோலிக்க வழக்கங்கள் யாவும் பாபிலோனிலிருந்து வந்தவை என்று காட்டுவதே அவர் நோக்கம். ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் இன்னொரு பிரிவினரை அடிக்க எடுத்த கோலை இன்று எல்லாப் பிரிவினரையும் அடிக்க வாட்ஸ்அப்பில் சுழற்றுகிறார்கள்.

தேதி நகர்வதற்கும் காரணம் பெசாக்தான். அந்நாளில் யூதர்களின் மாதம் பிறை பார்த்துப் பிறந்தது. ஆகவே 14ஆம் நாள் என்பது பௌர்ணமியை ஒட்டியே விழும். தொடக்கத்தில் சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியின், சபைகள் கிழமை எதுவானாலும் அந்த 14ஆம் நாளிலேயே பாஸ்காவைக் கொண்டாடின. உரோமையிலும் வேறு பல இடங்களிலும் அதற்கடுத்த ஞாயிறு, அதாவது இயேசு உயிர்த்த கிழமைதான் வேண்டும் என்றார்கள். சுமார் 155இல் சின்ன ஆசியாவின் ஸ்மிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு, தள்ளாத வயதில் உரோமைக்கு வந்து ஆயர் அனிசேத்துவோடு இதைப் பேசினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் ஒரே பீடத்தில் நற்கருணை கொண்டாடிவிட்டு அமைதியாகப் பிரிந்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பின், 190 வாக்கில், உரோமை ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை உறவிலிருந்தே விலக்க முனைந்தபோது, லியோன் நகர ஆயர் இரனேயு பழைய கதையை நினைவூட்டிக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும், யூதர்கள் நாள் குறிப்பதைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. மார்ச் 21க்குப் பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று இன்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் விதி, அந்தச் சங்கத்தின் சட்டங்களில் அந்த வடிவில் எழுதப்படவில்லை. அலெக்சாந்திரியாவின் கணிதர்கள் வழியாகப் பின்னர் உறுதிப்பட்டது. சங்கத்தின் முடிவை அறிவித்துப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிய மடலில் யூதர்கள்மீது அப்பட்டமான வெறுப்பு தொனிக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தாய்ப் பண்டிகையிலிருந்து மகள் பண்டிகை பிரிந்தது அன்பாகப் பிரிந்தது அல்ல. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இடம்பெற்றிருந்த இழிவான அடைமொழியை 1959இல்தான் திருத்தந்தை 23ஆம் யோவான் நீக்கினார்.

நாள் கணக்கு வீட்டுக்குள் எப்படிப் புகுந்து கலகம் செய்தது என்பதற்குப் பீட் தம் வரலாற்று நூலில் ஒரு காட்சி தருகிறார். நார்த்தம்பிரியாவின் அரசர் ஓஸ்வி அயர்லாந்துத் துறவிகளின் கணக்கைப் பின்பற்றியவர். அரசி ஈயன்ஃப்ளேட் கென்ட் நாட்டில் உரோமைக் கணக்கில் வளர்ந்தவர். ஒரே அரண்மனையில் அரசர் நோன்பை முடித்துப் பாஸ்கா விருந்து உண்டுகொண்டிருக்க, அரசியும் அவருடைய ஆட்களும் அன்று பாஸ்காவுக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுதான் என்று இன்னும் நோன்பில் இருந்தார்கள். இதைத் தீர்க்கத்தான் 664இல் விட்பியில் ஒரு கூட்டம் கூடியது. அரசர் உரோமைக் கணக்குக்கு மாறினார். அரசி சொன்னது நடந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதிப்படி ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. ஆனால் விதியில் சொல்லும் பௌர்ணமி வானத்தில் தெரியும் பௌர்ணமி அல்ல. 19 ஆண்டுகளுக்கு 235 சந்திர மாதங்கள் என்ற பழைய சுழற்சியை வைத்துப் போட்ட அட்டவணைப் பௌர்ணமி. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். எப்போதாவது காலை வாரிவிடும். 2019இல் பகலும் இரவும் சமமாகும்படி (விதியின் மார்ச் 21 குறிப்பது இதைத்தான்) சூரியன் நடுக்கோட்டைக் கடந்தது நம் நேரப்படி மார்ச் 21 அதிகாலை மூன்றரை மணிக்கு. பௌர்ணமி அதே நாள் காலை ஏழேகால் மணிக்கு. வானத்தை நம்பினால் மார்ச் 24இல் ஈஸ்டர் வந்திருக்க வேண்டும். அட்டவணையோ அடுத்த பௌர்ணமியைப் பிடித்து ஏப்ரல் 21க்குத் தள்ளிவிட்டது. அதனால்தான் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு பெரிய வியாழனில் விழுந்து, அழகர் வைகையில் இறங்கிய ஏப்ரல் 19ம் பெரிய வெள்ளியும் ஒன்றாக அமைந்தன. ஈஸ்டர் முன்னால் வரும் ஆண்டுகளில் பங்குனி உத்திரம், பின்னால் வரும் ஆண்டுகளில் சித்திரா பௌர்ணமி என்று, நம் ஊர்த் திருவிழாக்களின் நிலாவும் புனித வாரத்தின் நிலாவும் அடிக்கடி ஒன்றே. பெரிய வெள்ளி இரவில் சிலுவைப்பாதை முடித்து வெளியே வருகிறவர்கள் தலைக்குமேல் ஏறக்குறைய முழு நிலவைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கிழக்கத்திய மரபுச் சபைகள் வேறு நாளில் கொண்டாடுவது, அவர்கள் 1582ஆம் ஆண்டின் கிரெகோரியன் திருத்தத்தை ஏற்காமல் ஜூலியன் நாட்காட்டியிலேயே இந்தக் கணக்கைப் போடுவதால். அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. அதனால் 2024இல் மேற்கே மார்ச் 31, கிழக்கே மே 5 என்று ஐந்து வார இடைவெளி இருந்தது. மறு ஆண்டே இரண்டும் ஏப்ரல் 20இல் சேர்ந்தன. இந்த அலைச்சலே வேண்டாம், ஏப்ரலின் இரண்டாம் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு என்று நிறுத்திவிடலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1928இல் ஒரு சட்டமே இயற்றியது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

முட்டைக்கு வருவோம். இதற்குத் தேவதை தேவையில்லை. கோழியும் நோன்பும் போதும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இன்று நம் ஊரில் பலர் இறைச்சியைத்தான் விடுகிறார்கள். பழைய ஒழுங்கு அதைவிடக் கடுமையானது. கான்ஸ்டான்டினோப்பிளில் 692இல் கூடிய சங்கம் இறைச்சியோடு முட்டையையும் பாலாடைக்கட்டியையும் தவக்காலத்தில் விலக்கச் சொன்னது; மேற்கிலும் நடுக்காலம் முழுக்க இதே வழக்கம்தான். ஆனால் நோன்பு மனிதருக்குத்தானே, கோழிக்கு இல்லையே. கோழி முட்டையிடுவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. சென்னையில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு என்பதால் நமக்கு இது தெரிவதில்லை. பெர்லினில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கோடையில் ஏறக்குறைய பதினேழு மணி. பழங்காலத்து ஐரோப்பியக் கோழிகள் குளிர்காலத்தில் முட்டையை நிறுத்தி, பகல் நீளத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி இடத் தொடங்கும். அதாவது கூடை நிறைய முட்டை சேரும் அதே வாரங்களில் ஒருவரும் முட்டை தின்னக் கூடாது. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று இருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் அப்பமாகச் சுட்டுத் தீர்ப்பார்கள். அதற்குப் பிறகு வருவது அவித்தோ பாதுகாத்தோ ஈஸ்டர் காலைக்குக் காத்திருக்கும். அன்று கோவிலுக்கு எடுத்துப்போய் மந்திரிப்பார்கள். உரோமைச் சடங்கு நூலில் முட்டைக்கென்றே தனி ஆசி மன்றாட்டு உண்டு. பண்ணையார்களுக்கு வாரமாகவும் குழந்தைகளுக்குப் பரிசாகவும் முட்டை கொடுத்ததும் இந்த மிகுதியால்தான். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், ஈஸ்டருக்கு 450 முட்டைகள் வாங்க 18 பென்னி செலவு என்று பதிவாகியிருக்கிறது. அவற்றுக்குச் சாயமும் தங்கத் தகடும் பூசி அரண்மனை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். ஹங்கேரியர் இந்தப் பண்டிகைக்கு வைத்திருக்கும் ஹூஷ்வேட் என்ற பெயருக்கே 'இறைச்சி எடுத்தல்' என்றுதான் பொருள். நாற்பது நாள் பசித்தவனின் நேர்மை அந்தப் பெயரில் இருக்கிறது.

முட்டையை அழகுபடுத்துவது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல வரவில்லை. பாரசீகர் நவ்ரூஸ் புத்தாண்டில் முட்டைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்; யூதர்களின் பெசாக் தட்டிலும் சுட்ட முட்டை ஒன்று உண்டு. ஆனால் இந்த ஞாயிறன்று ஏன் முட்டை என்பதற்கு நோன்பே நேரான விடை. அதன்மேல் சமய விளக்கம் ஏறியது: ஓடு கல்லறை, உடைத்து வருவது உயிர். கிரேக்கர்கள் பெரிய வியாழனன்று முட்டையைச் சிவப்பாக மட்டுமே தோய்க்கிறார்கள். கிறிஸ்துவின் இரத்தம் என்று விளக்கம். வெங்காயச் சருகைப் போட்டுக் கொதிக்க வைத்தாலே வெள்ளோட்டு முட்டை செங்காவி நிறம் பிடித்துவிடும். ஈஸ்டர் நள்ளிரவுக்குப் பிறகு ஆளுக்கொன்றை எடுத்து முனையோடு முனை மோதுவார்கள். யார் முட்டை உடையாமல் தப்புகிறதோ அவருக்கு அந்த ஆண்டு நல்ல காலம். உக்ரைனியரின் பிசங்கா முட்டைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அருமை தெரியும். பிசங்கா என்ற பெயரே எழுதுதல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. குச்சியின் நுனியில் கட்டிய சின்னஞ்சிறு செம்புக் குழலில் தேன்மெழுகை வைத்து மெழுகுதிரியில் காட்டி உருக்கி, வெண்மையாக நிற்க வேண்டிய கோடுகளை முதலில் முட்டை ஓட்டில் இழுப்பார்கள். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி, மஞ்சளாக நிற்க வேண்டியதை மெழுகால் மூடி, அடுத்துச் சிவப்பு, கடைசியில் கறுப்பு என்று வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போவார்கள். இறுதியில் முட்டை முழுவதும் கரிய மெழுகு அப்பிய உருண்டையாகத்தான் இருக்கும். சுடரின் பக்கவாட்டில் காட்டி மெழுகைத் துடைக்கத் துடைக்கத்தான் அடியில் எழுதியதெல்லாம் வெளியே வரும். நம் பட்டிக் வேலையின் அதே நுட்பம், உள்ளங்கை அளவில். 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சாக்லேட் முட்டையின் கதையில் சொல்ல அதிகமில்லை: பிரிட்டனில் ஃப்ரை நிறுவனம் 1873இலும் கேட்பரி 1875இலும் விற்கத் தொடங்கின.

முயல் ஒப்புநோக்கப் புது வரவு. ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த மருத்துவர் கேயார்க் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கனாவ் 1682இல் ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி எழுதிய இலத்தீன் கட்டுரையில்தான், அல்சாஸ் முதலிய பகுதிகளில் முயல் முட்டையிட்டுத் தோட்டப் புற்களில் ஒளித்து வைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லும் வழக்கம் பதிவாகிறது. மருத்துவர் என்பதால், அதிக முட்டை தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அது வளையில் வாழும் குழிமுயல் அல்ல. வெட்டவெளியில் புல்லைப் படுக்கையாக அழுத்திக் கிடக்கும் நீண்ட காதுக் காட்டு முயல். அதே வயல்களில் ஆள்காட்டி இனப் பறவைகளும் தரையிலேயே முட்டையிடுவதால், முயல் துள்ளி ஓடிய இடத்துக்குப் பக்கத்தில் முட்டையைக் கண்டவர்கள் கட்டிய கதை என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முயல் ஒன்றுதான் முட்டை கொண்டுவந்தது என்பதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளில் குயில், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் நரி. ஜெர்மானியக் குடியேறிகள் 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு முயலைக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவிலிருந்து அது உலகெங்கும் கடைச்சரக்காகப் பரவியது. ஈயோஸ்த்ரேயோடு முயலை முடிச்சுப் போட்டது ஜெர்மானியத் தொன்ம ஆய்வாளர்களே. யாக்கோப் கிரிம் 1835இல் அந்தத் தேவதைக்கு ஓஸ்டாரா என்று ஒரு ஜெர்மானிய வடிவத்தை ஊகித்தார். முயல் அவளுடைய விலங்காக இருந்திருக்கலாம் என்று ஹோல்ட்ஸ்மான் 1874இல் மேலும் ஊகித்தார். அந்த 'இருக்கலாம்' அடுத்த பத்திருபது ஆண்டுகளில் உதிர்ந்துபோய், தேவதை ஒரு பறவையை முயலாக மாற்றிய பண்டைக் கதை என்றே அச்சாகத் தொடங்கிவிட்டது. பிரான்சில் முயலுக்குப் பதில் மணிகள் முட்டை தருகின்றன. பெரிய வியாழன் இரவு முதல் கத்தோலிக்கக் கோவில் மணிகள் ஒலிக்கக் கூடாது. நம் ஊரிலும் அந்த நாட்களில் மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டும் ஓசைதான். மணிகள் எல்லாம் உரோமைக்குப் பறந்து போயிருக்கின்றன, திரும்பி வரும்போது முட்டைகளைத் தோட்டத்தில் கொட்டும் என்று பிரெஞ்சுக் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள்.

மற்ற வழக்கங்களும் இப்படியே சமையலறையிலும் வயலிலும் வேர்விட்டவை. போலந்தில் சனிக்கிழமையன்று முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்த கூடையில் வைத்துக் கோவிலில் மந்திரித்து வருகிறார்கள். திங்களன்று இளவட்டங்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் நம் மஞ்சள் நீராட்டு நினைவுக்கு வரும். குருத்தோலை ஞாயிறுக்கு எருசலேமில் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும், ரஷ்யாவில் பனியிலும் துளிர்க்கும் வில்லோக் கிளை, நம்மிடம் தென்னங்குருத்து. சுமார் 380களில் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போன எகேரியா என்ற பெண், ஒலிவ மலையிலிருந்து தோளில் தூக்கிய குழந்தைகள் உட்பட எல்லாரும் கிளைகளோடு நகருக்குள் நடந்து வந்ததை எழுதியிருக்கிறார். புனித வாரச் சடங்குகள் பலவற்றுக்கு நம்மிடம் இருக்கும் முதல் நேரடிச் சான்று அந்தக் குறிப்புகளே. நம் வீடுகளில் குருத்தோலையைச் சிலுவையாக முடைந்து நிலைக்குமேல் செருகி, காய்ந்தபின் அடுத்த ஆண்டு கோவிலில் கொடுத்து எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள்.

மூல பெசாக்குக்கு மிக அருகில் நிற்கும் வழக்கம் நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் பெசஹா அப்பம் செய்கிறார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் புளிக்க விடாமல் அவித்து, அதன்மேல் குருத்தோலையில் கிள்ளிய சிறு சிலுவையைப் பதித்து வைப்பார்கள். மன்றாடி முடிந்ததும் வீட்டுப் பெரியவர் அப்பத்தை வெட்டி, தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்த பெசஹாப் பாலோடு, வயது வரிசையில் எல்லாருக்கும் கொடுப்பார். அந்தப் பெயர் சுரியானி மொழி வழியாக வந்தது; அந்தப் புளியாத மாவு பெசாக்கின் புளிப்பில்லாத அப்பத்தை நினைவூட்டுகிறது.

தமிழ்நாட்டில் பாஸ்கா என்றால் மூன்றைக் குறிக்கும்: யூதர்களின் பண்டிகை; சில ஊர்களில் இரவு முழுக்க மேடையில் நடிக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகம்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவின் திருவிழிப்பு. சீர்திருத்தச் சபைகளில் ஞாயிறு அதிகாலை ஆராதனைக்குத்தான் முதன்மை. கத்தோலிக்கருக்கு இந்த இரவே ஆண்டின் தலையாய இரவு. நடுக்காலம் தொட்டு இந்த விழிப்பு முன்னுக்கு முன்னாக நகர்ந்து, பல நூற்றாண்டுகள் சனிக்கிழமை காலை வெயிலிலேயே, ஏறக்குறைய ஆளில்லாத கோவில்களில் நடந்து முடிந்தது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1951இல்தான் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். நேரில் பார்க்க விரும்பினால் பத்து நிமிடம் முன்னதாகப் போய், உள்ளே இடம் பிடிக்காமல் வெளியே நெருப்புக்குப் பக்கத்தில் நில்லுங்கள். விளக்கெல்லாம் அணைந்திருக்கும். குரு ஆள் உயர மெழுகுதிரியில் சிலுவைக் குறி கீறி, அதன் மேலும் கீழும் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் எழுதி, சிலுவையின் நான்கு கைகளுக்கிடையே அந்த ஆண்டின் நான்கு எண்களை இட்டு, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தி, புது நெருப்பில் ஏற்றுவார். அந்த ஒற்றைச் சுடர் இருட்டுக் கோவிலுக்குள் போக, வாசலில் நிற்பவரிலிருந்து பலிபீடம் வரை கைக்குக் கை சுடர் மாறும். பாஸ்கா புகழுரை பாடும்போது கூர்ந்து கேளுங்கள். இந்த மெழுகைத் தந்த தேனீக்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதன்பின் வாசகங்கள். நேரம் கருதிச் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடவே கூடாது என்பது விதி. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து, வானவர் கீதம் தொடங்கும்போது பெரிய வியாழன் இரவு முதல் வாய்மூடியிருந்த மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். தண்ணீரில் அந்த மெழுகுதிரியை இறக்கி மந்திரித்து, புதியவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுப்பார்கள். பாஸ்காக் காலம் முடிந்த பிறகு மெழுகுதிரி திருமுழுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த ஆண்டு முழுவதும் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் இறந்தவருக்குப் பூசை என்றாலும் ஏற்றுவது அதைத்தான்.